அப்பா நேற்று வலைப்பூவில் (பிளாக்) எழுதிய 'தானே' புயல் பதிவு எங்கே போயிற்று?

அழியவில்லை, அடியில் கிடக்கிறது. வலைப்பூவில் புதிய தேதியிட்டதுதான் மேலே நிற்கும். வீட்டில் நாளிதழ் அடுக்குவது போலத்தான்: இன்றைய தாள் மேலே, பழையது கீழே. கடலூரில் ஓய்வாக இருக்கும் உங்கள் அப்பா அதை நோட்டுப் புத்தகமாக நினைத்துப் பக்கம் புரட்டுகிறார். அவர்மேல் தவறில்லை.

ஆனால் நேற்று எழுதியதே காணவில்லை என்கிறீர்களே, அதுதான் இடிக்கிறது. புயல் கரையைக் கடந்த 2011 டிசம்பர் 30-ஐயே பதிவின் தேதியாகப் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன். வலைப்பூ நடத்த உதவும் கூகுளின் பிளாகர் தளம் அதை அப்படியே நம்பி, மற்ற எல்லாவற்றுக்கும் கீழே தள்ளிவிடும்.

1. பிளாகரில் அந்தப் பதிவைத் திருத்தத் திறந்து, பதிவு அமைப்புகளில் வெளியிட்ட தேதியைப் பாருங்கள். 2011 என்றிருந்தால் இன்றைய தேதிக்கு மாற்றுங்கள்.

2. பதிவுப் பட்டியலில் 'வரைவு' என்றிருந்தால் அவர் இன்னும் வெளியிடவே இல்லை.

நோட்டைப் பெட்டியில் பூட்டலாம். இதை ஊரே படிக்கும். கூரை பறந்த பக்கத்து வீட்டுக்காரரின் பெயரும் கைப்பேசி எண்ணும் அதில் இருந்தால், மேலே கொண்டுவருமுன் எடுத்துவிடச் சொல்லுங்கள்.