விநோத வடிவத் துப்பாக்கிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அயல்நாட்டு ராணுவத்தினர் ஏந்தியிருக்கும் சில துப்பாக்கிகள், அறிவியல் புனைகதைகளில் வருபவை போலத் தோன்றுகின்றன. அந்த வடிவம் கவர்ச்சிக்காகவா, பயனுக்காகவா? (வேலூர் வாசகர்)

பதில்: பெரும்பாலும் பயனுக்காகத்தான். ஆஸ்திரிய ராணுவம் 1977-இல் ஏற்றுக்கொண்ட ஸ்டெயர் ஏயூஜி துப்பாக்கியைப் பாருங்கள். கவச வண்டிக்குள் ஏறி இறங்கும் வீரருக்கு நீளமான துப்பாக்கி இடைஞ்சல். ஆனால் குழலை வெட்டிக் குறைத்தால் குண்டின் வேகம் குறைந்துவிடும். ஆகவே குழலைத் தொடாமல், தோட்டாக்களை அடுக்கி வைக்கும் பெட்டியான மேகசினையும் சுடும் பொறியமைப்பையும் விசைக்குப் பின்னால், தோளில் பதியும் கட்டைக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தார்கள். 'புல்பப்' எனப்படும் இந்த அமைப்பின் ஆதாயத்தை ஓர் ஒப்பீட்டிலேயே உணரலாம்: ஏயூஜிக்கும் அமெரிக்காவின் எம்-16 ஏ1 துப்பாக்கிக்கும் குழல் நீளம் ஒன்றுதான், 508 மி.மீ.; மொத்த நீளமோ எம்-16க்கு ஏறத்தாழ 99 செ.மீ., ஏயூஜிக்கு 79 செ.மீ. மட்டுமே.

யோசனை புதிதன்று. 1901-லேயே பிரிட்டனில் தார்னிகிராஃப்ட் என்னும் துப்பாக்கியில் இது முயன்று பார்க்கப்பட்டது. 1951-இல் அந்நாட்டு அரசு இஎம்-2 என்ற புல்பப் துப்பாக்கியை ஏற்பதாக அறிவித்து, ஆட்சி மாறியதும் கைவிட்டது. ஏயூஜியின் பச்சை நிற பாலிமர் உடலும், எஞ்சிய தோட்டாக்களை வெளியிலிருந்தே காட்டும் மேகசினும், தூக்கும் கைப்பிடிக்குள்ளேயே பொருத்திய தொலைநோக்கியும் அக்காலத்தில் பலரைத் திகைக்க வைத்தன. விசையைப் பாதி இழுத்தால் ஒற்றைச் சூடு, முழுதும் இழுத்தால் தொடர்ச் சூடு என்ற ஏற்பாட்டையும் இதில் காணலாம்.

கேள்வி: பி-90 துப்பாக்கியில் மேகசின் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லையே? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: குழலின் மேலேயே, அதற்கு இணையாகப் படுத்திருக்கிறது. பெல்ஜியத்தின் எஃப்என் நிறுவனம், முன்னணிக் காலாட்படையில் இல்லாத ஓட்டுநர், பீரங்கிப் பணியாளர் போன்றோரின் தற்காப்புக்காக 1980-களின் பிற்பகுதியில் இதை வடிவமைத்தது. மேகசினுக்குள் 5.7 மி.மீ. தோட்டாக்கள் 50, குழலுக்குக் குறுக்குவாட்டில் அடுக்கப்பட்டிருக்கும். வாய்ப்பகுதியில் உள்ள வளைந்த சரிவு ஒவ்வொரு தோட்டாவையும் 90 பாகை திருப்பிக் கீழே அனுப்பும். சுட்டபின் வெற்று உறைகள் கீழ்நோக்கி விழுவதால் இடக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கும் தொல்லை இல்லை. இத்தனையும் 50 செ.மீ. நீளத்துக்குள் அடங்கிவிடுகின்றன. பின்னணிப் பணியாளருக்கென்று பிறந்த இது, சிறப்புப் படைகளிடம்தான் பெயர் வாங்கியது. 1997-இல் பெருவின் தலைநகர் லிமாவில், ஜப்பானியத் தூதர் இல்லத்தில் சிறைப்பட்டிருந்த பணயக்கைதிகளை மீட்ட பெரு வீரர்கள் இதை ஏந்தியிருந்தனர்.

கேள்வி: இவற்றுள் மிக விநோதமானது எது? (கோவை வாசகர்)

பதில்: ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோச் நிறுவனம் 1960-களின் இறுதியில் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கும் மேல் உழைத்து உருவாக்கிய ஜி-11 என்பேன். அதன் தோட்டாவுக்குப் பித்தளை உறையே கிடையாது. வெடிமருந்தைச் சதுரக் கட்டியாக வார்த்து, அதற்குள் 4.73 மி.மீ. குண்டைப் புதைத்தார்கள். உறை இல்லாததால் எடை குறையும். சுட்டபின் வெளியேற்ற வேண்டியது எதுவும் இல்லாததால் வேகமும் கூடும். மூன்று குண்டுகளை நிமிடத்துக்கு 2,000-க்கும் மேற்பட்ட வேகத்தில் சுட்டு, துப்பாக்கி பின்னோக்கித் தள்ளும் உதை தோளை எட்டுமுன் மூன்றும் குழலைவிட்டு வெளியேறிவிடச் செய்வதே நோக்கம். இதற்காகக் குழலும் பொறியும் சேர்ந்து வெளிக்கூட்டுக்குள் பின்னோக்கி நகரும். நிமிர்ந்தபடி இறங்கும் தோட்டாவை உருளை வடிவ அறை ஒன்று வாங்கிச் சுழன்று குழலோடு நேராக்கும். உள்ளமைப்பின் படம் பிரித்துப் போட்ட சுவர்க்கடிகாரம் போலத்தான் இருக்கும்.

வெளியே தூக்கி எறியப்படும் பித்தளை உறை, வெப்பத்தின் ஒரு பகுதியையும் தன்னோடு எடுத்துச் செல்கிறது என்பது பலரும் கவனிக்காத உண்மை. உறை போனதும் அந்த வெப்பம் அறையிலேயே தங்கி, விசையைத் தொடாமலே தோட்டா வெடிக்கும் ஆபத்து வந்தது. டைனமிட் நோபல் நிறுவனம் அதிக வெப்பத்தில் மட்டுமே பற்றக்கூடிய வெடிமருந்தை உருவாக்கி இதைப் பெரிதும் தணித்தது. ஆனால் அதற்குள் பனிப்போர் முடிந்தது. 1990-இல் இரு ஜெர்மனிகளும் இணைந்தபின் செலவு அந்தப் பக்கம் திரும்ப, திட்டம் நின்றது. பின்னர் அந்நாட்டு ராணுவம் வழக்கமான உறையுள்ள தோட்டாவைச் சுடும் ஜி-36 துப்பாக்கியையே வாங்கியது.

கேள்வி: கைத்துப்பாக்கிகளில் இத்தகைய புதுமை உண்டா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: இத்தாலியின் கியாப்பா ரைனோ ரிவால்வர் உண்டு. மற்ற ரிவால்வர்களில் தோட்டாக்கள் அடங்கிய சுழலும் உருளையின் மேல் அறையிலிருந்து குண்டு புறப்படும்; இதில் கீழ் அறையிலிருந்து. குழல் கையின் நேர்கோட்டுக்கு அருகில் இறங்கிவிடுவதால், சுடும்போது முனை மேலே துள்ளுவது குறைகிறது.

கேள்வி: வருங்காலத்தில் எல்லாப் படைகளும் புல்பப்புக்கு மாறிவிடுமா? (சேலம் வாசகி)

பதில்: போக்கு எதிர்த்திசையில்தான் தெரிகிறது. பிரான்ஸ் தன் ஃபாமாஸ் என்ற புல்பப் துப்பாக்கிக்கு மாற்றாக, வழக்கமான வடிவமுள்ள எச்கே-416ஐத் தேர்ந்தெடுத்தது. நியூசிலாந்து ஏயூஜியைக் கைவிட்டது. சீனாவும் தன் கியூபிஇசட்-95 என்ற புல்பப்புக்குப் பின் வழக்கமான வடிவத்துக்கே திரும்பியது. விசையிலிருந்து பின்னால் உள்ள பொறிவரை நீண்ட இணைப்புத் தண்டு செல்வதால் விசையின் இழுப்பு நயமாக அமைவதில்லை; அக்குளுக்கு அருகில் மேகசினை மாற்றுவதும் சிரமம். பல வடிவங்களில் வெற்று உறை முகத்துக்குப் பக்கத்தில் தெறிப்பது இடத்தோளில் வைத்துச் சுடுபவருக்குத் தொல்லை. நம் நாட்டிலோ கடற்படையின் மார்க்கோஸ் உள்ளிட்ட சிறப்புப் படைகளிடம் இஸ்ரேலின் தாவோர் என்ற புல்பப் இருக்கிறது. தரைப்படைக்காக அமேதி மாவட்டத்தில் தயாராகும் ஏகே-203 பழைய வடிவத்தைச் சேர்ந்தது.