விண்டோஸ் 11 நிறுவும்போது எஸ்எஸ்டி தெரியாவிட்டால் என்ன செய்வது?

சேலத்தில் வாங்கிய இன்டெல் மடிக்கணினியில், ஏற்காட்டுத் தோட்ட அலுவலகத்தில் வைத்து விண்டோஸ் 11 நிறுவ முயன்றபோது வட்டுப் பட்டியல் வெறுமையாக இருந்ததாகக் கேட்டிருக்கிறீர்கள். புது எஸ்எஸ்டி (சேமிப்பு வட்டு) வாங்க மலையிறங்கும் முன், விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே திறக்கும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் சென்று பாருங்கள். அங்கே எஸ்எஸ்டியின் பெயர் தெரிந்தால், வட்டு பழுதாகவில்லை என்றே பெரும்பாலும் கொள்ளலாம்.

இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் பல மடிக்கணினிகளில் சேமிப்பு வட்டுகளை நிர்வகிக்கும் விஎம்டி என்ற அமைப்பு இயக்கப்பட்டே வருகிறது. என்விஎம்இ வகை எஸ்எஸ்டி அதன் வழியாகவே இணைவதால், உரிய டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) இல்லாத நிறுவல் நிரலுக்கு வட்டு புலப்படுவதில்லை. வேறொரு கணினியில், மடிக்கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்குரிய, விஎம்டிக்கான இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை இறக்கி, ஜிப்பாகவே விட்டுவிடாமல் .inf என முடியும் ஐஎன்எஃப் கோப்பு தெரியும்வரை விரித்து, நிறுவல் பென்டிரைவிலேயே ஒரு கோப்புறையில் வைத்து, வட்டுத் தேர்வுத் திரையிலுள்ள 'லோடு டிரைவர்' மூலம் அதைக் காட்டினால் வட்டு தெரியும்.

பயாஸில் விஎம்டியை அணைப்பதும் ஒரு வழிதான். ஆனால் அதே வட்டில் உள்ள பழைய விண்டோஸும் தோட்டக் கணக்குகளும் உங்களுக்கு வேண்டுமென்றால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் அந்த விண்டோஸ் தொடங்காமல் நீலத்திரையோடு நின்றுவிடக்கூடும்.

அடுத்த கட்டத்தில் இணையம் கேட்கும்போது வைஃபை டிரைவரும் இல்லையென்றால், ஆண்ட்ராய்டு கைபேசியைக் கேபிளால் இணைத்து கைபேசி இணையத்தைக் கணினிக்குப் பகிரும் யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். பெரும்பாலும் தனி டிரைவர் இல்லாமலே இணையம் கிடைக்கும்.