இறாலின் நோய் எதிர்ப்புச் சக்தியைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?

அன்புள்ள ஐயா,

மகள் பிளஸ் டூவில் பயாலஜி எடுத்தவள். நீட் மதிப்பெண் மருத்துவத்துக்குப் போதவில்லை, இன்னொரு வருடம் எழுதவும் மனமில்லை. "மீனுக்கும் இறாலுக்கும் நோய் எப்படி வருது, உடம்பு அதை எப்படி எதிர்க்குதுன்னு படிக்கப் போறேன்" என்று சொல்கிறாள். டாக்டர் சீட்டு கிடைக்காத ஏமாற்றத்தில் சொல்கிறாளோ, இதைப் படித்தால் சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சோறு போடும். ஆனால் எந்த வாசல் வழியாக உள்ளே போகிறாள் என்பது முக்கியம், அது இந்த வருடமே முடிவாகிவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இந்தப் படிப்புக்கு ஏன் தேவை வந்தது என்று பாருங்கள். 1994-ல் நம் கிழக்குக் கடற்கரையின் இறால் பண்ணைகளில் வெள்ளைப்புள்ளி வைரஸ் நுழைந்தது. நோய் கண்ட இறால் தீனி எடுக்காது, கரையோரம் ஒதுங்கும், ஓட்டில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். மூன்றிலிருந்து பத்து நாளுக்குள் மொத்தக் குட்டையும் செத்துவிடலாம். கடன் வாங்கி, உடலில் வரிகள் உள்ள புலி இறாலை வளர்த்தவர்கள் பலர் அத்தோடு தொழிலையே விட்டார்கள். 2009-ல் வனாமி என்ற வெளிநாட்டு இறால் இனத்துக்கு அரசு அனுமதி கொடுத்தபோது, வெளிநாட்டிலிருந்து வரும் தாய் இறாலைச் சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்தி, நோய் இல்லை என்று சோதித்த பிறகே, குஞ்சு பொரிக்கும் கூடங்களான பொரிப்பகங்களுக்கு அனுப்பும் ஏற்பாடு வந்தது. பட்ட அடியில் கற்றது அது. 2023-24-ல் இந்தியாவின் கடல் உணவு ஏற்றுமதி சுமார் 60,500 கோடி ரூபாய். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உறைய வைத்த இறால். இவ்வளவு பணம் புழங்கும் தொழிலில் நோயைப் புரிந்தவருக்கு வேலை இல்லாமல் போகாது.

இனி படிப்பைப் பற்றி. நமக்கு ஒருமுறை அம்மை வந்தால் உடம்பு அதை நினைவில் வைத்து எதிர்ப்பொருள் தயாரிக்கிறது, தடுப்பூசி வேலை செய்வதும் அப்படித்தான். இறாலுக்கு எதிர்ப்பொருள் கிடையாது. அதன் நீல நிற ரத்தத்தில் மிதக்கும் செல்கள் கிருமியை விழுங்கும், சூழ்ந்து கட்டும், கிருமியைக் கொல்லும் புரதங்களைக் கொட்டும். காயம் பட்ட இடத்திலும் கிருமி சிக்கிய இடத்திலும் மெலனின் என்ற கறுப்பு நிறமி படியும். இறால் ஓட்டில் கரும்புள்ளி பார்த்திருப்பீர்களே, அது பெரும்பாலும் இந்தச் சண்டையின் தழும்பு. மனிதர்களுக்குப் போடுவது போன்ற தடுப்பூசியை இறாலுக்குச் செய்ய முடியாமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

மீன் வேறு மாதிரி. அதற்கு எதிர்ப்பொருள் உண்டு, தடுப்பூசியும் பலிக்கும். நார்வேயில் 1987-ல் சால்மன் பண்ணைகள் ஏறக்குறைய 50 டன் ஆன்டிபயாட்டிக் பயன்படுத்தின. தடுப்பூசிகள் வந்தபின் உற்பத்தி பல மடங்கு பெருகியும், மருந்து ஒரு டன்னுக்கும் கீழே இறங்கிவிட்டது. நம் சென்னையிலேயே உள்ள சிபா, அதாவது மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், கொடுவா போன்ற மீன்களின் குஞ்சுகளைக் கொல்லும் நோடா வைரஸுக்குத் தடுப்பூசி உருவாக்கியிருக்கிறது. உங்கள் மகள் சேர நினைப்பது இந்த வேலையில்தான்.

என்னைக் கேட்டால் இந்தத் துறையில் மிக அழகான பகுதி மன அழுத்தம். மீனுக்கும் ஸ்ட்ரெஸ் உண்டு. வலை போட்டு இழுத்தால், நெருக்கி வளர்த்தால், தண்ணீர் கெட்டால், சில நிமிடங்களிலேயே அதன் ரத்தத்தில் கார்ட்டிசோல் ஏறும். நமக்குச் சுரக்கும் அதே ஹார்மோன். மீனில் அதைச் சுரக்கும் செல்கள் சிறுநீரகத்தின் முன்பகுதியில் இருக்கின்றன. நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் உருவாவதும் அதே இடத்தில்தான், ஏனென்றால் ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜை மீனுக்கு இல்லை. அழுத்தமும் எதிர்ப்புச் சக்தியும் ஒரே உறுப்புக்குள் அக்கம்பக்கம் குடியிருக்கின்றன. கொஞ்ச நேர அழுத்தத்தை மீன் தாங்கிக்கொள்ளும். நாள்கணக்கில் நீண்டால் கார்ட்டிசோல் அந்த எதிர்ப்பை அமுக்கிவிடும், சும்மா கிடந்த பாக்டீரியா நோயாக வெடிக்கும். இறாலுக்குக் கார்ட்டிசோல் சுரப்பி இல்லை. அதன் கண் காம்பிலிருந்து வரும் வேறொரு ஹார்மோன் ரத்தச் சர்க்கரையை ஏற்றுகிறது.

பண்ணையில் இதை நேரிலேயே பார்க்கலாம். இரவெல்லாம் பாசியும் இறாலும் சேர்ந்து மூச்சுவிடுவதால் விடியற்காலையில் குட்டையில் ஆக்சிஜன் மிகவும் குறைந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பும் வெப்பமும் சட்டென்று இறங்கும். வெள்ளைப்புள்ளி போன்ற நோய் தலைதூக்க அது வசதியான நேரம். அந்த வைரஸ் 32 டிகிரிக்கு மேல் சூடான நீரில் அவ்வளவாகக் கொல்வதில்லை என்பது பல ஆய்வுகளில் தெரிந்த உண்மை. ஆக, இங்கே வைத்தியர் ஊசி போடுவதைவிடத் தண்ணீரைப் படிப்பதுதான் அதிகம். நோயாளியைத் தனியாகப் படுக்க வைத்துப் பார்க்கவும் முடியாது, ஒரு குட்டைக்குள் லட்சக்கணக்கில் இருப்பார்கள்.

அதனால் உங்கள் மகளுக்கு இது பொருந்துமா என்று பார்க்க நான் மதிப்பெண்ணைப் பார்க்க மாட்டேன். விடியற்காலை நான்கு மணிக்குக் கரையில் நின்று ஆக்சிஜன் மீட்டரைத் தண்ணீரில் இறக்க அவளுக்குச் சலிப்பு வருமா? அன்று மதியமே, கிருமியின் மரபணுவைத் தேடிப் பார்க்கும் பிசிஆர் சோதனை அறையில் உட்கார்ந்து மைக்ரோ அளவில் ரசாயனம் கலக்கப் பொறுமை இருக்குமா? இரண்டும் பிடித்தவர்களுக்கு இது அருமையான துறை. ஒன்று மட்டும் பிடித்தாலும் இடம் உண்டு. இரண்டுமே வேண்டாம், 'டாக்டர்' என்ற சொல் மட்டும் போதும் என்றால், தயவுசெய்து இதில் சேர்க்காதீர்கள். நான்கு வருடம் அவள் துன்பப்படுவாள்.

சரி, வாசலுக்கு வருவோம். பி.எஃப்.எஸ்சி. என்ற நான்காண்டு மீன்வள அறிவியல் பட்டம்தான் நேர் வழி. தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகம் 2012-ல் தொடங்கியது, தலைமையிடம் நாகப்பட்டினம். தூத்துக்குடி, பொன்னேரி, தலைஞாயிறு கல்லூரிகளில் இந்தப் பட்டம் இருக்கிறது. தூத்துக்குடிக் கல்லூரி 1977-லிருந்தே நடக்கிறது. பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான் சேர்க்கை, நீட் வேண்டாம். பொறியியல் கலந்தாய்வில் இது வராது, தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இதைக் கோட்டைவிடும் வீடுகள் நிறைய.

"பக்கத்து ஊர் கல்லூரியில் பி.எஸ்சி. ஜூவாலஜி சேர்த்துவிட்டு அப்புறம் மீன் பக்கம் போகலாமே" என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம், ஆனால் எம்.எஃப்.எஸ்சி. என்ற மீன்வள முதுகலைப் பட்டத்தில் நீர்வாழ் உயிரின நலம் படிக்கப் பெரும்பாலும் பி.எஃப்.எஸ்சி. பட்டம்தான் கேட்பார்கள். ஜூவாலஜி வழியில் போனால் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் போன்ற இடங்களில் எம்.எஸ்சி. முடித்து, நெட் என்ற தேசிய தகுதித் தேர்வு எழுதி, ஆராய்ச்சிப் பக்கம் வரலாம். அதில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. கடல் வாசனையே இல்லாத மேல்விஷாரத்தில் இருக்கும் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி, நன்னீர் இறாலின் வெண்வால் நோய்க்கு உலக விலங்கு நல அமைப்பின் குறிப்பு ஆய்வகமாக, அதாவது மற்ற ஆய்வகங்கள் நாடும் இடமாக, அங்கீகாரம் பெற்றது. கலைக் கல்லூரியிலிருந்தும் இவ்வளவு தூரம் வர முடியும்.

வேலை பற்றி நேராகச் சொல்கிறேன். அரசில் மீன்துறை ஆய்வாளர், உதவி இயக்குநர் பணிகளுக்கு டிஎன்பிஎஸ்சி நடத்தும் தேர்வுகள், கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம், சிபா போன்ற நிறுவனங்களில் விஞ்ஞானி பணி. இவை நல்லவை, ஆனால் இடங்கள் குறைவு, காத்திருக்க வேண்டும். தனியாரில் பொரிப்பகம், பரிசோதனைக் கூடம், தீவன நிறுவனம் என்று வேலை சீக்கிரம் கிடைக்கும். பொரிப்பகங்கள் மரக்காணம் பக்கம் கடலோரத்திலும், பண்ணைகள் ஊருக்கு வெளியிலும் இருக்கின்றன. பெண் பிள்ளைக்குத் தங்குமிடம், போக்குவரத்து எப்படி என்று வேலைக்குச் சேரும் முன் நீங்கள் விசாரிக்கத்தான் வேண்டும். ஆய்வகப் பக்கம் இந்தக் கவலை குறைவு.

ஒன்றை மகளிடமும் சொல்லுங்கள். 'இம்யூனிட்டி பூஸ்டர்' என்று டப்பா டப்பாவாகப் பண்ணைக்காரர்களிடம் விற்கிறார்கள். சிலவற்றில் ஈஸ்ட் போன்றவற்றிலிருந்து எடுக்கும் பீட்டா குளுக்கன் போன்ற, ஆய்வில் பலன் கண்ட பொருள் இருக்கிறது. பலவற்றுக்கு ஆதாரம் காட்ட ஆள் இல்லை. தடை செய்த ஆன்டிபயாட்டிக் கலந்தால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சரக்கு நிராகரிக்கப்படும். எது வேலை செய்யும், எது வெறும் செலவு என்று விவசாயிக்குத் துணிந்து சொல்லும் ஆள் இந்தத் தொழிலில் போதவில்லை. சம்பளம் கொடுக்கும் கம்பெனியின் டப்பாவைப் பற்றியே அப்படிச் சொல்ல நேரும் நாளும் அவளுக்கு வரலாம்.

இன்னொன்று, அவளுடைய ஆர்வத்துக்காக. 1882-ல் இத்தாலியின் மெசினா ஊரில் மெச்னிகாஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற இளம் உயிரியில் முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் செல்கள் முள்ளைச் சூழ்ந்திருந்தன. வெள்ளை அணுக்கள் கிருமியை விழுங்குகின்றன என்ற கருத்து அதிலிருந்து வளர்ந்தது, 1908-ல் நோபல் பரிசும் கிடைத்தது. மனித மருத்துவம் முதுகெலும்பில்லாத கடல் உயிரியிடம் பாடம் கேட்ட கதை அது. ஊரில் யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

விண்ணப்பம் போடும் முன் அவளை ஒரு பொரிப்பகத்துக்கும் ஒரு பண்ணைக்கும் கூட்டிப் போங்கள். முடிந்தால் விடியற்காலையில். மாவட்ட மீன்துறை அலுவலகத்தில் கேட்டால் யாரைப் பார்ப்பது என்று சொல்வார்கள். காலணியைக் கழற்றிக் கிருமிநாசினியில் கால் நனைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள், சங்கடப்பட வேண்டாம். திரும்பி வந்ததும் அவள் என்ன சொன்னாள் என்று எழுதுங்கள். எந்தக் கல்லூரியை முதலில் வைப்பது என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.