எழுதிக் கொடுத்த பேச்சு எப்போது சொந்தப் பேச்சாகும்? கேள்வி பதில்

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குச் சீட்டில் ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்துப் பேசவைத்து, பிறகு அந்தச் சீட்டையே வார்த்தை வார்த்தையாக எடுத்துவிடுவது ஒரு முறை. ஸ்பெஷல் எஜுகேட்டராகப் பல வருடங்களாக இதைச் செய்து வருகிறேன். இதைப் பற்றி உங்களிடமிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

என் பையனுக்கு ஆறு வயது. எழுத்துக் கூட்டிப் படிப்பான், கேட்டால் பதிலும் சொல்வான். தானாக வந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். அவனுக்கு இது உதவுமா அக்கா?

இந்த முறை உருவானதே அப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகத்தான். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பிரின்ஸ்டன் சைல்ட் டெவலப்மென்ட் இன்ஸ்டிட்யூட்டைச் சேர்ந்த பட்ரிஷியா கிராண்ட்ஸ், லின் மெக்லானஹன் இருவரும் 1993இல் நான்கு பிள்ளைகளோடு இதைச் செய்து பார்த்து எழுதினார்கள். கூட இருக்கும் பிள்ளைகளிடம் சொல்லவும் கேட்கவும் பத்து வாக்கியங்கள் ஒரு தாளில். பிறகு கடைசி வார்த்தையிலிருந்து ஆரம்பித்துத் தாளைப் படிப்படியாகக் காலியாக்கினார்கள். அதற்குப் பிறகும் பேச்சு நிற்கவில்லை. எழுதிக் கொடுக்காத வாக்கியங்களும் வந்தன.

நாம் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தால், நம் குரல் வந்தால்தான் பேச வேண்டும் என்று பிள்ளை பழகிவிடுகிறது. சீட்டுக்குக் குரல் கிடையாது. அதனால் பேச்சு பிள்ளையின் பக்கமிருந்து கிளம்புகிறது.

அவனுக்கு மிகவும் பிடித்த பொருளிலிருந்து ஆரம்பியுங்கள். தண்ணீர் லாரி பிடிக்கும் என்றால், பொம்மை லாரியின் மேல் "அம்மா, லாரி பாரு" என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள். நீங்கள் எதிரே உட்காருங்கள். அப்பாவோ பாட்டியோ அவனுக்குப் பின்னால் இருந்து, வாயைத் திறக்காமல், அவன் விரலைச் சீட்டுக்குக் கொண்டுபோகட்டும். அவன் படித்துவிட்டு உங்கள் பக்கம் திரும்பியதும், "அடேயப்பா, எவ்வளவு பெரிய டேங்க்!" என்று ஒரே ஒரு வரி சொல்லுங்கள். அவ்வளவு போதும்.

"வெரி குட்" சொல்லக் கூடாதா? "என்ன கலர் லாரி?" என்று கூடக் கேட்கக் கூடாதா?

இரண்டும் வேண்டாம். இதுதான் பெற்றோருக்கு மிகக் கஷ்டமான பகுதி என்று எனக்குத் தெரியும். "சரியாச் சொன்னே" என்றவுடன் பேச்சு பரீட்சை ஆகிவிடுகிறது. கேள்வி கேட்டவுடன் அவன் மறுபடி பதில் சொல்கிற பிள்ளை ஆகிவிடுகிறான். பக்கத்து வீட்டுக்காரர் "இன்னைக்கு என்ன வெயில்!" என்றால் நாம் அவரைப் பாராட்டுவதில்லையே? "ஆமாங்க, மொட்டை மாடி கொதிக்குது" என்போம். அப்படியே பதில் சொல்லுங்கள். உங்கள் அந்த ஒரு வரி நாளைக்கு அவன் வாயில் வரலாம்.

ஸ்கூலில் "நான் விளையாடுகிறேன்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. எப்படி எழுதுவது?

பேசுகிற மாதிரியே எழுதுங்கள். "நான் வெளையாடுறேன்" என்று எழுதினால் தப்பில்லை. "விளையாடுகிறேன்" என்று பார்க்கில் ஒரு பிள்ளை சொன்னால் மற்ற பிள்ளைகள் விலகிப் போகும். நானே பார்த்து வருந்தியிருக்கிறேன். உங்கள் ஊர்ப் பேச்சு எதுவோ அதுதான் சீட்டில் இருக்க வேண்டும். தாத்தாவுக்கு "பாருங்க", தம்பிக்கு "பாரு" என்று தனித்தனிச் சீட்டு வையுங்கள்.

கடைசி வார்த்தையிலிருந்து வெட்ட வேண்டும் என்கிறார்கள். தமிழில் வினைச்சொல் கடைசியில் அல்லவா வருகிறது? அதை முதலில் எடுத்தால் அர்த்தமே போய்விடாதா?

நல்ல கேள்வி. நானும் முதலில் இதில்தான் தயங்கினேன். "அப்பா, நான் பஸ் கட்டினேன்" என்ற சீட்டில் முதலில் "கட்டினேன்" போகும், அப்புறம் "பஸ்", அப்புறம் "நான்". "அப்பா" மட்டும் மிஞ்சும். கடைசியில் வெறும் அட்டை, அதற்கு அடுத்து அட்டையும் கிடையாது. நான் பார்த்தவரை இது தமிழுக்கு வசதிதான். வினை இருந்த இடம் காலியானால், அங்கே கட்டினேன் வரலாம், ஓட்டினேன் வரலாம், உடைச்சிட்டேன் கூட வரலாம். ஒரு பையனின் சீட்டில் "அப்பா, நான் பஸ்" வரை வெட்டியிருந்தோம். அவன் ஒருநாள் சக்கரம் கழன்ற பொம்மையைத் தூக்கிக்கொண்டு வந்து "அப்பா, பஸ் பஞ்சர்!" என்றான். யாரும் எழுதிக் கொடுக்காத வார்த்தை அது. அவன் அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அவசரப்பட்டு வெட்ட வேண்டாம். சில நாட்கள் தொடர்ந்து உதவியில்லாமல் சொன்ன பிறகு ஒரு வார்த்தை எடுங்கள். தடுமாறினால் அதை மறுபடி ஒட்டுங்கள்.

பொண்ணுக்குப் படிக்கத் தெரியாது.

பட்டனை அழுத்தினால் பதிவு செய்ததைச் சொல்லும் சின்னக் கருவி கிடைக்கிறது. அதில் ஒரு வாக்கியம் பதிவு செய்யுங்கள், முடிந்தால் அவள் வயதுப் பிள்ளையின் குரலில். பிறகு ஒலிப்பதிவையும் இதே போல் கடைசியிலிருந்து குறையுங்கள். ஒன்றிரண்டு வார்த்தைதான் படிப்பாள் என்றால் அதுவே போதும். 1998இல் இதே இருவர் நாலைந்து வயதுப் பிள்ளைகளோடு செய்த ஆய்வில் சீட்டில் இருந்தவை "பாரு", "நான் செய்றதைப் பாரு" என்ற அளவிலான வார்த்தைகள்தான்.

என் மகள் எழுதிக் கொடுத்த மூன்று வரியையே நாள் முழுக்கச் சொல்கிறாள்.

ஒரே பொருளுக்கு நாலைந்து விதமான சீட்டு எழுதி மாற்றிக்கொண்டே இருங்கள். வெட்டுவதற்கு நேரம் தாண்டியிருக்கவும் வாய்ப்புண்டு. அந்த வரிகள் அவளுக்கு ஆறுதலாக இருந்தால் மட்டும் தடுக்காதீர்கள்.

பின்னாலிருந்து கையைப் பிடித்தாலே தட்டிவிடுகிறான் மேடம். விடாமல் பிடிக்கச் சொல்கிறார்கள்.

பிடிக்காதீர்கள். தொட்டால் பிடிக்காத பிள்ளைக்குச் சீட்டைப் பக்கத்தில் நகர்த்தி வைக்கலாம், விரலால் காட்டலாம், அண்ணனோ அக்காவோ முதலில் செய்து காட்டலாம். அதுவும் வேண்டாம் என்றால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். தட்டிவிடுவதும் அவன் உங்களிடம் சொல்கிற ஒரு பதில்தான். அதற்கு அவனுக்கு வார்த்தை கொடுங்கள். "இப்போ வேண்டாம்" என்று ஒரு சீட்டு எழுதி, அவன் அதை எடுத்து நீட்டிய உடனே நிறுத்துங்கள், ஒவ்வொரு தடவையும். மற்றச் சீட்டுகளை வெட்டிக்கொண்டே போனாலும் இது மட்டும் முழுசாக, அவன் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.