பாராசூட்டில் எடை மிகுந்தவர் வேகமாக இறங்குவது ஏன்?

கேள்வி: எடை எதுவாக இருந்தாலும் எல்லாப் பொருள்களும் ஒரே வேகத்தில் விழும் என்று படித்திருக்கிறேன். அப்படியிருக்க, ஒரே அளவுள்ள பாராசூட்டில் எடை மிகுந்தவர் மட்டும் வேகமாக இறங்குவது ஏன்?

பதில்: நீங்கள் படித்தது சரிதான், ஆனால் அது காற்றில்லாத இடத்துக்கு உரிய விதி. 1971 ஆகஸ்ட் 2 அன்று அப்பல்லோ 15 வீரர் டேவிட் ஸ்காட் நிலவில் நின்றபடி ஒரு சுத்தியலையும் ஒரு வல்லூறின் இறகையும் ஒரே நேரத்தில் கைவிட்டார். இரண்டும் சேர்ந்தே தரையைத் தொட்டன. அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

பாராசூட்டோ காற்றை நம்பியே இருக்கிறது. இறங்கும் வேகம் கூடக் கூட, காற்றின் தடை அந்த வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப (வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்காக) வளர்ந்து, தொங்கும் எடைக்குச் சமமாகும் கட்டத்தில் வேகம் மேலும் கூடாமல் நிலைத்துவிடுகிறது. எடை மிகுந்தால் அதைத் தாங்கும் அளவுக்குத் தடையும் மிக வேண்டும். அதற்கு வேகம் கூடித்தான் ஆக வேண்டும். ஆயினும் எடை இரட்டித்தால் வேகம் சுமார் 1.4 மடங்குதான் ஆகும்.

மொத்தம் 80 கிலோ எடையுடன் விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் இறங்கும் வட்டப் பாராசூட், 120 கிலோவுடன் சுமார் 6.1 மீட்டர் வேகத்தில் இறங்கும். வேறுபாடு சிறிதென்று எண்ண வேண்டாம்: முன்னது ஏறத்தாழ 1.3 மீட்டர் உயரத்திலிருந்தும், பின்னது 1.9 மீட்டர் உயரத்திலிருந்தும் குதிப்பதற்குச் சமம்.

குடையின் பரப்பு குறைந்தாலும் இதே விளைவுதான். அதே அப்பல்லோ 15 கலம் ஆகஸ்ட் 7 அன்று பசிபிக் கடலில் இறங்கியபோது, மூன்று பாராசூட்டுகளில் ஒன்று சுருங்கிப்போனதால், திட்டமிட்டதைவிட வேகமாக நீரில் மோதியது. வீரர்கள் மூவரும் நலமாக மீண்டனர்.