வயலில் பறவைத் தாங்கி எதற்கு நடுகிறார்கள்?

நெல் வயலில் ஆங்காங்கே ‘T’ வடிவில் குச்சிகள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பறவைகள் வந்து உட்கார விவசாயி நட்டுவைக்கும் இருக்கைதான் பறவைத் தாங்கி. ஹெக்டேருக்கு 40 முதல் 50 வரை வைப்பது வழக்கம்.

இரட்டைவால் குருவி என்கிற கரிச்சான், உயரத்தில் உட்கார்ந்து பூச்சியைக் கவனித்து, சட்டென்று பாய்ந்து பிடிக்கும். மரமே இல்லாத வயல்வெளியில் அதற்கு உட்கார இடம் ஏது? டீக்கடை வாசலில் ஒரு பெஞ்சு போட்டால் வழிப்போக்கர் நின்று போவார் இல்லையா, அதுபோலத்தான். இரவில் அதே குச்சியில் கூகை என்கிற ஆந்தை வந்து அமர்ந்து எலி பிடிக்கும். பறவைக்கு இரை, பயிருக்குக் காவல். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

ஆனால் தாங்கி மட்டும் போதாது. எலிக்கு நஞ்சு வைத்தால், அந்த எலியைத் தின்னும் கூகையும் சாகலாம். கண்டபடி பூச்சிமருந்து அடித்தால் கரிச்சானுக்கு இரையே இருக்காது. வரப்போரம் நாலு மரங்களை விட்டுவைத்தால் கூடு கட்டவும் இடம் கிடைக்கும்.

சரி, குச்சி நட்டால் குருவிகள் நெல்லைத் தின்றுவிடாதா என்று பலர் பயப்படுகிறார்கள். கரிச்சானும் கூகையும் நெல்லைத் தொடுவதில்லை, தானியம் தின்னும் பறவைகள் வரும் பால்பிடிக்கும் பருவத்தில் குச்சிகளைப் பிடுங்கிவிட்டால் போதும்.