கையுறை மூட்டை

அன்புள்ள ஐயா,

டோபி காட் என்கிற சலவைத்துறை பற்றிய உங்கள் கட்டுரையில், உங்கள் அப்பா பினாங்கில் ஃப்ரீமேசன்கள் என்ற சகோதர சங்கத்தாரின் வெள்ளைக் கையுறைகளை வெளுத்துக் கொடுத்தார் என்று ஒரு வரி வந்தது. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். நான் கோலாலம்பூரில் அந்தச் சங்கத்தின் ஆங்கிலேயப் பிரிவைச் சேர்ந்த லாட்ஜ் ஒன்றில், அதாவது கிளையில், சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. முதல் டிகிரி, அதாவது முதல் படிக்கான சடங்கு, முடிந்தது, இரண்டாவது இன்னும் தரவில்லை. கேட்டால் "உங்கள் முறை வரும்" என்கிறார்கள். என் பெரியப்பா மகன் அமெரிக்காவில் ஒஹாயோவில் இருக்கிறார். 2002இல் ஒரே சனிக்கிழமையில் அவருக்கு மூன்று டிகிரியும் கொடுத்து, மாலைக்குள் மாஸ்டர் மேசன், அதாவது முழு உறுப்பினர், ஆக்கிவிட்டார்கள். இன்னும் அப்படி நடத்துகிறார்களாம். சடங்கு முழுவதும் இணையத்தில் இருக்கிறது, நானும் படித்துவிட்டேன். தெரிந்த விஷயத்துக்கு ஏன் இத்தனை காத்திருப்பு? கண்ணப்பருக்கு முத்தி கிடைக்க ஆறே நாள்தானே ஆனது? நான் அங்கே போய் முடித்துவிட்டு வரலாமா? இந்துவாக இருந்துகொண்டு இதில் சேரலாமா என்று அம்மாவும் கேட்கிறார்.

பெயர் வேண்டாம், செந்தூல்

தம்பி,

அம்மாவுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தாராளமாகச் சேரலாம். கடவுள் நம்பிக்கை உண்டா என்றுதான் கேட்பார்கள், எந்தக் கடவுள் என்று கேட்கமாட்டார்கள். உறுதிமொழிக்கு இந்துவின் முன்னால் கீதையை வைப்பார்கள். லாட்ஜுக்குள் மதமும் அரசியலும் பேசக்கூடாது. 1770களிலேயே ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத்துல் உமரா திருச்சியில் மேசன் ஆகிவிட்டார். நம் பினாங்கில் 1809இலேயே லாட்ஜ் வந்துவிட்டது. மலாய்க்காரர்கள் அந்தக் கட்டடங்களை ரூமா ஹந்து, அதாவது பேய் வீடு என்பார்கள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே என்ன செய்கிறார்களோ என்ற பயம். அம்மா பயப்பட அங்கே எதுவும் இல்லை.

ஒஹாயோவுக்குப் போக வேண்டாம். உங்கள் லாட்ஜ் எழுதிக் கேட்டுக்கொண்டால் ஒழிய இன்னொரு லாட்ஜ் அடுத்த டிகிரியைத் தராது. அப்படி ஒரு கடிதம் வேண்டும் என்று உங்கள் செயலாளர் முன்னால் போய் நிற்க உங்களுக்கு மனம் வருமா?

இணையத்தில் படித்துவிட்டேன் என்கிறீர்கள். கல்யாண மந்திரமும் அச்சில் கிடைக்கிறது. படித்தவனுக்குக் கல்யாணம் ஆகிவிடுமா? இதைப் பற்றி மேலே பேச எனக்கு விருப்பமில்லை.

நான் மேசன் இல்லை. ஆனாலும் இந்தக் கடிதத்தை ஒதுக்கி வைக்க முடியவில்லை. போன மாதம் அப்பாவின் திதிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது அவருடைய தகரப் பெட்டியில் ஒரு கையுறை கிடைத்தது. வலது கை மட்டும். சுட்டுவிரல் நுனியிலிருந்து அடி வரை தையல் ஓரமாகப் பிளந்திருக்கிறது. அதை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த வாரம்தான் உங்கள் கடிதம் வந்தது.

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஏழு மாதம் என்று கணக்குச் சொல்கிறீர்கள். அந்த ஏழு மாதத்தில் என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி இல்லை. முதல் டிகிரியில் உங்களுக்கு மூன்று கருவிகளைக் காட்டியிருப்பார்கள்: 24 அங்குல அளவுகோல், சுத்தியல், உளி. இதில் ரகசியம் எதுவும் இல்லை, ஊருக்கே தெரியும். 24 அங்குலம் என்பது நாளின் 24 மணி நேரம். ஒரு பங்கு பிரார்த்தனைக்கு, ஒரு பங்கு உழைப்புக்கும் ஓய்வுக்கும், ஒரு பங்கு கஷ்டத்தில் இருக்கும் நண்பனுக்கு. ஏழு மாதம் என்றால் 200 நாளுக்கு மேல். அதில் எத்தனை நாள் அந்தக் கோலை எடுத்து உங்கள் நாளின்மேல் வைத்துப் பார்த்தீர்கள்? ஒரு நாளாவது? கஷ்டத்தில் இருந்த யாரையாவது போய்ப் பார்த்தீர்களா? இரண்டாம் டிகிரிக்கு முன்னால் எல்லோர் எதிரிலும் நின்று கேள்விகளுக்கு மனப்பாடமாகப் பதில் சொல்ல வேண்டுமே, அந்தப் பதில்கள் நாக்கில் நிற்கின்றனவா? கோபித்துக்கொள்ளாதீர்கள். கடிதம் போட்டது நீங்கள், அதனால் கேட்கிறேன்.

ஆங்கிலேயப் பிரிவின் விதிப்படி இரண்டு டிகிரிக்கு நடுவே குறைந்தது நான்கு வாரம் போக வேண்டும். அது குறைந்த அளவு. லாட்ஜ் தினமும் கூடுவதில்லை, ஒரு மாலையில் ஒருவரையோ இருவரையோதான் எடுப்பார்கள், உங்களுக்கு முன்னால் வந்தவர் ஒருவர் காத்திருப்பார். ஏழு மாதம் ஆனதில் யாருடைய சதியும் இல்லை. மேசன் என்றாலே கல் கொத்துபவன்தான். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் நிஜமாகவே கல் கொத்தியவன் ஏழு வருஷம் எடுபிடியாக இருந்த பிறகுதான் தொழிலாளி ஆனான். 1563இல் அதைச் சட்டமாகவே போட்டார்கள்.

உங்கள் அண்ணன்மேல் எனக்குக் குறை இல்லை. அமெரிக்காவில் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. 1959இல் அங்கே மேசன்கள் 41 லட்சம் பேர். இன்று பத்து லட்சம்கூட இல்லை. ஆள் குறையக் குறையக் கட்டடத்துக்கு வரி கட்டவே திணறுகிறார்கள். ஒரு நாளில் தருவது அங்கே முன்பே உண்டு. அதிபராகப் பதவி ஏற்க இருந்த டாஃப்ட்டுக்கு 1909இல் அதே ஒஹாயோவில் மேசன்களின் தலைவரான கிராண்ட் மாஸ்டர் தன் தனி அதிகாரத்தில் கொடுத்தார். அது ஒரே ஒருவருக்கு. 2002இல் 7,000 பேருக்கு மேல் ஒரே நாளில் மேசன் ஆனார்கள். அத்தனை பேரை ஒவ்வொருவராகக் கூட்டிப்போக முடியுமா? எல்லோருக்கும் சேர்த்து ஒருவரை முன்னால் நிறுத்திச் சடங்கை நடத்துவார்கள். மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார்கள். அவருக்கு நடந்தது எல்லோருக்கும் நடந்ததாகக் கணக்கு.

இந்த இடத்தில்தான் நீங்கள் கண்ணப்பரை இழுத்து வந்திருக்கிறீர்கள். இழுத்திருக்கக் கூடாது. ஆறு நாள் என்பது மட்டும்தான் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த ஆறு நாளும் அவர் ஊண் உறக்கம் இல்லாமல் இருந்தார். இறைச்சியைக் கடித்து ருசி பார்த்து நல்லதைப் பொறுக்கி வைத்தார், வாயில் தண்ணீர் கொண்டுவந்தார், தலையில் பூ சுமந்தார், ராத்திரி முழுக்க வில்லோடு காவல் நின்றார். அங்கே தினமும் பூசை செய்த சிவகோசரியார் ஒளிந்திருந்து பார்த்தார். பார்த்ததால் அவர் கண்ணப்பர் ஆகவில்லை. அம்பை எடுத்தது யார் கை, போனது யார் கண்? நாற்காலியில் உட்கார்ந்து முத்தி வாங்கியவர் கதை நம்மிடம் ஒன்றுகூட இல்லை, தம்பி.

சைவத்திலும் சமயம், விசேடம், நிர்வாணம் என்று தீட்சை படிப்படியாகத்தான் போகிறது. சட்டென்று முடிவது ஒன்று உண்டு, சத்தியோ நிர்வாணம். அது தீவிர பக்குவம் வந்தவருக்கு. அந்தப் பக்குவத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் குரு. எனக்குப் பக்குவம் வந்துவிட்டது, சீக்கிரம் கொடுங்கள் என்று சீடன் விண்ணப்பம் போட முடியாது.

இன்னொருவரைச் சொல்கிறேன். 1884 பிப்ரவரி 19, கல்கத்தாவில் ஆங்கர் அண்ட் ஹோப் லாட்ஜில் நரேந்திரநாத் தத்தா என்ற 21 வயதுப் பையன் முதல் டிகிரி வாங்கினான். பின்னாளில் அவர்தான் விவேகானந்தர். அந்த மாதமே அவருடைய அப்பா இறந்துபோனார். பெயர்பெற்ற வக்கீல், ஆனால் விட்டுப்போனது கடன். வேகாத வெயிலில் வெறுங்காலோடு வேலை தேடி ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். வீட்டில் இருப்பது மற்றவர்களுக்குப் போதாது என்று, வெளியே சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லிப் பட்டினி கிடந்தார். ஏப்ரல் 15 அன்று இரண்டாம் டிகிரிக்குத் திரும்ப வந்தார். மே 20 மூன்றாவது. பிப்ரவரியில் உள்ளே போன பையனா ஏப்ரலில் வந்து நின்றது? ஒரே சனிக்கிழமையில் மூன்றையும் கொடுத்திருந்தால் அந்த எட்டு வாரம் எங்கே போயிருக்கும்? கஷ்டத்தில் இருக்கும் மனிதனுக்கு உன் நாளில் ஒரு பங்கு என்று கேட்டுவிட்டு வெளியே வந்தவர், சில நாளிலேயே தானே அந்த மனிதனாக நின்றார். நடுவில் நாள் கிடந்ததால்தான் அது நடந்தது. நடுவில் கிடக்கும் நாளை நீங்கள் தாமதம் என்கிறீர்கள். எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அப்பாவிடம் வருகிறேன். யார்க் சாலைப் பக்கம் ஆற்றங்கரையில்தான் எங்கள் வேலை. லாட்ஜ் கூட்டம் முடிந்த மறுநாள் மூட்டை வரும். நாற்பது ஜோடி கையுறை. கையுறையைக் கல்லில் அடிக்கக் கூடாது, தையல் விட்டுவிடும். முதல் நாள் மாலை சவுக்காரத் தண்ணீரில் ஊறப்போடுவார். விடிகாலையில் ஒவ்வொரு விரலாகக் கசக்குவார். அப்புறம் சோடா போட்ட அண்டாவில் வேகவைத்து, மூன்று தண்ணீரில் அலசி, நீலம் போட்டு, தண்ணியான கஞ்சியில் முக்கி எடுப்பார். கொடியில் மாட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் வாயில் வைத்து ஊதுவார். ஐந்து விரலும் விரிந்து நிற்கும். காற்றடித்தால் கொடி முழுக்க எண்பது கை ஆடும். கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே இஸ்திரி. மழை இல்லாவிட்டால் மூன்று நாள், இருந்தால் நான்கு. அதில் அப்பா கை படும் நேரத்தைக் கூட்டினால் அரை நாள்கூட வராது. மற்ற நேரமெல்லாம் அது ஊறும், வேகும், காயும். நாங்கள் சும்மா இருக்க வேண்டும்.

எனக்கு அப்போது பதினைந்து வயது. தைப்பூசத்துக்கு முதல் நாள், வெள்ளி ரதம் புறப்படுகிற நாள். அப்பா தண்ணீர்ப் பந்தல் வேலைக்குப் போய்விட்டார். மூட்டை என் பொறுப்பு. ரதத்தைப் பார்க்காமல் இருக்க முடியுமா? வாளியில் பிளீச்சைக் கவிழ்த்து எல்லாவற்றையும் உள்ளே போட்டேன். ஒரு மணி நேரத்தில் பால் மாதிரி வெளுத்துவிட்டது. ஒரே ஒரு தடவை அலசி, நல்ல சூட்டில் தேய்த்து, அடுக்கிக் கொண்டுபோய்ப் பக்கவாட்டுக் கதவில் கொடுத்துவிட்டேன். இத்தனை நாள் அப்பா ஏன் இந்தப் பாடு பட்டார் என்றுகூட நினைத்தேன்.

அடுத்த கூட்டத்தன்று கையில் மாட்டி இழுத்தபோது பதினொரு ஜோடி பிளந்துவிட்டது. மறுநாள் காலை மூட்டையோடு அவை தனியாகக் கட்டி வந்தன. கூட ஒரு சீட்டுகூட இல்லை. அப்பா ஒன்றை எடுத்து மூக்கருகே வைத்து மோந்தார். பிறகு தன் கையில் மாட்டினார். அவர் விரல் தடித்த விரல். மெல்ல இழுத்தார், சுட்டுவிரல் ஓரமாகக் கிழிந்துகொண்டே போனது. என்னை அடிக்கவில்லை. "துணி வெளுத்திருக்கு. நூலு செத்துப்போச்சு" என்றார். பதினொரு ஜோடி புதிதாக வாங்கிக் கொடுத்தார். அந்தக் கடனை அடைக்க எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது.

அதன் பிறகு கையுறை மூட்டையை என்னிடம் தரவில்லை. ஊறவைக்கவும் விடவில்லை, கஞ்சி போடவும் விடவில்லை. அலசல் மட்டும். ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று மூன்று தடவை அலசுவேன், அவர் முகர்ந்து பார்ப்பார், சரி என்பார், இல்லை நாலாம் தடவை என்பார். எப்போது முடியும் என்று நான் கேட்டேன், ஒரு தடவை இல்லை, பல தடவை. அவர் பதில் சொன்னதே இல்லை. அடுத்த தைப்பூசம் வந்து போனது. நான் கேட்பதை நிறுத்தி ரொம்ப நாள் கழித்து, ஒரு சாயங்காலம் லாட்ஜிலிருந்து மூட்டை வந்தது. அப்பா அதை அவிழ்க்காமல் என் முன்னால் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

அன்புடன்.